ஏரிக்குக் கீழே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வரப்போகிறது: நீர்நிலைக்கு நல்லதா, கெடுதலா?

ஏரிக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஒரு பேரூராட்சி, சுமார் 20,000 பேர் இருக்கிறோம். பாதாள சாக்கடை கிடையாது, எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க்தான். ஏரிக்கரைக்குக் கீழே, கலங்கலில் இருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் புறம்போக்கில், டேங்கில் சேருகிற கசடை லாரியில் கொண்டுவந்து சுத்தம் செய்கிற மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் கட்டப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். அறிவிப்பு வந்த நாளில் இருந்து ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. வாடை வரும், கிணறு கெடும், ஏரி நாசமாகும் என்று ஒரு பக்கம். இப்போதே ராத்திரியில் செப்டிக் டேங்க் லாரிக்காரர்கள் கசடை ஏரி வாய்க்காலில்தானே திறந்துவிடுகிறார்கள், அதற்கு இது மேல் என்று இன்னொரு பக்கம்.

நான் இரண்டாவது பக்கம். தமிழ்நாட்டில் முதலில் வந்த மலக்கசடு நிலையம் செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இருக்கிறது, பக்கத்து மதுராந்தகத்து லாரிகளும் அங்கேதான் போகின்றன. அதை நேரில் பார்த்துவிட்டும் வந்தேன். நான் பயந்த அளவு வாடை இல்லை. லாரி திறக்கிற இடத்தில் மட்டும் மூக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்படி ஒரு நிலையம் ஏரியை எப்படிக் காக்கிறது? எங்கே தவறிவிடும்? இந்தத் துறையில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் விளக்கமாக எழுதுங்கள்.

வேதியியல்டீச்சர் எழுதியது:

நான் இந்தத் துறை இல்லை, பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் போட்டுக் காட்டுகிற கணக்கு ஒன்று இருக்கிறது, ஊர்க் கூட்டத்தில் நீங்களும் போட்டுக் காட்டலாம்.

தண்ணீரில் உள்ள அழுக்கைக் கிருமிகள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதைத்தான் பிஓடி என்கிறோம். நம் நாட்டில் 27 டிகிரியில் 3 நாள் வைத்து அளக்கிறார்கள். வீட்டுச் சாக்கடையில் அது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். செப்டிக் டேங்கில் வருடக்கணக்கில் கிடந்த கசடில் ஆயிரக்கணக்கில் இருக்கும். 5,000 என்றே வைத்துக்கொள்வோம். 5,000 லிட்டர் லாரி ஒரு லோடு கொட்டினால் 25 கிலோ ஆக்சிஜன் தேவை. நம் ஊர் வெயிலில், 28 டிகிரியில், ஒரு லிட்டர் ஏரித் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் அதிகபட்சம் 7.8 மில்லிகிராம்தான். அப்படியானால் ஒரே ஒரு லோடு, 32 லட்சம் லிட்டர் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் தின்னும். காற்றிலிருந்தும் பாசியிலிருந்தும் ஆக்சிஜன் திரும்பக் கரையும், அதனால் ஏரி ஒரே நாளில் சாவதில்லை. ஆனால் ராத்திரியில் பாசியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். விடியற்காலையில் ஜிலேபிக் கெண்டை வாயைத் திறந்துகொண்டு மேலே மேலே வருவதைப் பார்த்திருப்பீர்களே, காரணம் இதுதான்.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். ஒரு ஆள் ஒரு நாளில் சாக்கடைக்கு அனுப்புவது சுமார் 50 கிராம் பிஓடி. ஆக அந்த ஒரு லோடு, 500 பேருடைய ஒரு நாள் கழிவை நேராக வாய்க்காலில் விடுவதற்குச் சமம்.

நெல்வயல் எழுதியது:

டீச்சர், கணக்கு சரி. ஆனால் என் சந்தேகத்தையும் கேளுங்கள். எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற நகராட்சியில் பெரிய சுத்திகரிப்பு நிலையமே இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவு செய்து கட்டினார்கள். அதற்குக் கீழே இருக்கிற வாய்க்கால் இன்றைக்கும் கறுப்பாகத்தான் ஓடுகிறது. நடவுக்கு இறங்கினால் கால் அரிக்கிறது, புண் வருகிறது. நிலையம் வந்தால் நீர்நிலை பிழைத்துவிடும் என்று சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஏரிக்கரையான் ஊர்க்காரர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

காற்றூட்டி எழுதியது:

நெல்வயல் அண்ணே, உங்கள் கோபத்தை நான் மறுக்கமாட்டேன். நான் ஒரு நகராட்சி நிலையத்தில் ஆபரேட்டர். எங்கே தவறுகிறது என்று உள்ளே இருந்தே பார்க்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்களுடையது எஸ்பிஆர் முறை. ஒரே தொட்டியில் சாக்கடையை நிரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி, பிறகு காற்றை நிறுத்திப் படியவிட்டு, மேலே தெளிந்ததை வடிக்கிறோம். அழுக்கைத் தின்பது நாங்கள் வாங்கி ஊற்றுகிற மருந்து கிடையாது. தொட்டியிலேயே வளர்கிற பாக்டீரியாக் கூட்டம்தான் தின்கிறது. படிந்த சேற்றில் ஒரு பங்கை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்கிறோம், பாலுக்கு உறைமோர் விடுகிற மாதிரி. அந்தக் கூட்டம் நன்றாக இருந்தால் சேறு சாக்லேட் நிறத்தில் இருக்கும், மழை பெய்த மண் வாசம் வரும். கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்றுப் போதவில்லை. தினமும் காலையில் ஒரு லிட்டர் உருளையில் பிடித்து 30 நிமிடம் ஆடாமல் வைத்துப் பார்ப்போம். சேறு கீழே இறங்கி மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் அன்றைக்கு நிம்மதி.

தவறுகிற முதல் இடம் கரண்ட். ஒரு நிலையத்து மின்கட்டணத்தில் பாதிக்கு மேல் காற்று ஊதுகிற புளோயருக்கே போகும். மிச்சம் பிடிக்கச் சொல்லி மேலே இருந்து அழுத்தம் வந்தால் முதலில் நிற்பது ராத்திரி புளோயர்தான். தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்க வேண்டும். சாதாரண பாக்டீரியா கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிற இனம் ரொம்ப மெதுவாக வளரும், ஒருமுறை செத்தால் திரும்பி வர வாரங்கள் ஆகும். அதுவரை அமோனியா அப்படியே வெளியே போகும். பாசி படர்ந்த ஏரியில் மதிய வெயிலில் காரத்தன்மை ஏறும், அந்த நேரத்தில் அதே அமோனியா மீனுக்கு விஷம். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், மீன் மட்டும் சாகும்.

இரண்டாவது இடம்தான் உங்கள் கறுப்பு வாய்க்கால். என் அனுபவத்தில் பெரும்பாலும் அது நிலையத்து வாயிலிருந்து வருவதே இல்லை. நிலையத்துக்கு வந்து சேராத சாக்கடை அது. வீட்டு இணைப்பு கொடுக்காமல் மழைநீர் வடிகாலில் குழாயைச் சொருகியிருப்பார்கள். பம்பிங் ஸ்டேஷனில் மோட்டார் ரிப்பேர் என்றால் வழிகிற சாக்கடை நேராக ஓடைக்குப் போகும். நாங்கள் உள்ளே எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்தாலும், வராத தண்ணீரை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் ஊரில் நிலையத்தின் வெளியேற்றுக் குழாய்க்கு மேலே நூறு மீட்டரிலும் கீழே நூறு மீட்டரிலும் தண்ணீரைப் பாருங்கள். மேலேயே கறுப்பாக இருந்தால் கேள்வியை நகராட்சியின் இணைப்புக் கணக்கை நோக்கித் திருப்புங்கள்.

நெல்வயல் எழுதியது:

தம்பி, மேலே போய்ப் பார்த்ததில்லை. பார்க்கிறேன். இதுவரை யாரும் இப்படிப் பிரித்துச் சொன்னதில்லை.

ஓய்வுபெற்றபொறியாளர் எழுதியது:

ஏரிக்கரையான் கேட்டது மலக்கசடு நிலையம். காற்றூட்டி சொன்னது சாக்கடை நிலையம். இரண்டையும் ஊர்க் கூட்டத்தில் குழப்பிக்கொள்வார்கள், அதனால் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

பாதாள சாக்கடை போட மக்கள்தொகையும் தண்ணீரும் வேண்டும். குழாய்க்குள் கழிவு தங்காமல் ஓட ஒரு வேகம் தேவை. சின்ன ஊரில் அவ்வளவு தண்ணீர் கிடையாது, பணமும் கிடையாது. அதனால்தான் செப்டிக் டேங்கில் சேர்ந்ததை லாரியில் கொண்டுவந்து ஓரிடத்தில் சுத்தம் செய்யும் வழியைப் பிடித்தார்கள். பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளியில் 2015ல் வந்தது இந்தியாவில் ஓர் ஊர் முழுவதற்குமான முதல் நிலையம். நாளைக்கு 6,000 லிட்டர்தான் அதன் அளவு. நம் பக்கம் கருங்குழி வந்தது, கோவைக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையத்தில் பக்கத்து நரசிம்மநாயக்கன்பாளையத்தையும் சேர்த்து ஒன்று வந்தது, அதற்குப் பிறகு பல ஊர்களுக்கும் பரவியது.

வேலை எளிமையானது. லாரி கொட்டுகிற வாயில் கம்பிச் சல்லடை. துணி, நாப்கின், பிளாஸ்டிக் அதில் நிற்கும். அப்புறம் மணலும் ஜல்லியும் போட்ட உலர்த்தும் படுகை. தண்ணீர் கீழே வடியும், கசடு மேலே காயும். வடிந்த தண்ணீர் காற்றில்லாத வடிகட்டித் தொட்டிகள் வழியாகப் போய், கல்வாழை நட்ட சரளைக்கல் படுகையில் மெதுவாக ஊர்ந்து, கடைசியில் ஆழமில்லாத குட்டையில் வெயிலில் நிற்கும். இப்படிக் கட்டிய நிலையத்தில் புளோயர் கிடையாது, பெரிய மோட்டார் கிடையாது. கரண்ட் போனாலும் வேலை நிற்காது. சின்ன பேரூராட்சிக்கு இதுதான் பெரிய பலம் என்பது என் கருத்து. சுழலுகிற இயந்திரம் எத்தனை குறைவோ அத்தனை காலம் நிலையம் உயிரோடு இருக்கும்.

உங்கள் ஊருக்கு எவ்வளவு பெரிய நிலையம் வேண்டும்? 20,000 பேர் என்றால் 5,000 வீடு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டிலும் எடுத்தால் வருடத்துக்கு 1,700 லோடு போல வரும். வேலைநாள் 300 என்றால் நாளைக்கு ஐந்தாறு லாரி, ஒவ்வொன்றும் 4,000 லிட்டர். மொத்தம் 20,000 முதல் 25,000 லிட்டர். இதைவிடச் சின்னதாகத் திட்டம் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். மழைக்காலத்தையும் கேளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் திறந்த படுகை காயவே காயாது. மேலே ஒளி புகும் கூரை இல்லையென்றால் அந்த இரண்டு மாதமும் லாரியைத் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பிய லாரி எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

அளவுகோல் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசின் 2017 அறிவிக்கையில் பெருநகரம் அல்லாத ஊர்களின் சாக்கடை நிலையங்களுக்கு பிஓடி 30 வரை அனுமதித்தார்கள், மலக்கிருமி 100 மில்லிக்கு 1,000 வரை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019ல் அது போதாது என்று சொல்லி பிஓடி 10, மிதக்கும் திடப்பொருள் 20, கிருமி 230 என்று இறுக்கியது. கல்வாழைப் படுகை மட்டும் வைத்து 10க்குள் எப்போதும் நிறுத்துவது கடினம். அதனால் கடைசித் தண்ணீர் ஏரிக்குப் போகக்கூடாது, வளாகத்து மரங்களுக்குத்தான் போக வேண்டும். வரைபடத்தில் வெளியேற்றுக் குழாய் எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள். நிலையம் ஏரிக்குக் கீழே இருப்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் கீழ்ப் பாசன வாய்க்கால் அந்த வழியாகப் போகிறதா?

ஏரிக்கரையான் எழுதியது:

போகிறது சார். சின்ன மதகு வாய்க்கால் அந்தப் புறம்போக்கை ஒட்டியேதான் போகிறது. இதை யாருமே பேசவில்லை. குறித்துக்கொண்டேன்.

டேங்கர்லாரி எழுதியது:

நான் செப்டிக் டேங்க் லாரி வைத்திருக்கிறேன். எல்லோரும் எங்களைத்தான் திட்டுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

ஒரு லோடுக்கு வாடகை பேசும்போதே வீட்டுக்காரர் குறைக்கச் சொல்வார். நிலையம் 20 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போக வர டீசலுக்கே பாதி போய்விடும். நிலையம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். எங்களுக்கு போன் வருவது டேங்க் நிரம்பி வழியும்போது, அது ராத்திரி எட்டு மணியாகவும் இருக்கும். நிரம்பிய லாரியை வீட்டு வாசலில் நிறுத்தித் தூங்க முடியுமா? அந்த நேரத்தில்தான் வாய்க்காலைத் தேடுகிறார்கள். ஏரி சாகட்டும் என்று நினைத்து யாரும் செய்வதில்லை, ஆனால் செத்துத்தான் போகிறது.

எங்கள் பக்கத்தில் நிலைமை மாறியதற்குக் காரணம் மூன்று. ஒன்று, நிலையம் பக்கத்திலேயே வந்தது. இரண்டு, லாரிக்கு லைசென்ஸ், ஜிபிஎஸ் கட்டாயம் என்றார்கள், கொட்டிய சீட்டு இல்லையென்றால் அடுத்த முறை புதுப்பிப்பு கிடையாது என்றார்கள். மூன்று, ராத்திரி ஒன்பது வரை வாயிலைத் திறந்து வைத்தார்கள். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் பெரியது. ஏரிக்கரையான் அண்ணே, உங்கள் கூட்டத்தில் வேறு எதைப் பேசாவிட்டாலும் திறக்கிற நேரத்தைப் பேசுங்கள். கொட்டுவதற்குக் கட்டணம் வைத்தால் அதையும் குறைவாக வையுங்கள்.

இன்னொன்று. வீடுகளில் டேங்க் மூடியைத் திறக்க முடியாமல் மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். அடியில் கசடு கல்லாக இறுகிவிடும். குழாயில் வராது, உள்ளே இறங்கி வெட்டித் தரச் சொல்வார்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இறங்காதீர்கள் என்றுதான் என் பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கிற வாயு ஆளைக் கத்தக்கூட விடாது.

ஓய்வுபெற்றபொறியாளர் எழுதியது:

டேங்கர்லாரி தம்பி சொன்னதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதனை உள்ளே இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்த 2013 சட்டப்படி குற்றம், வீட்டுக்காரரும் அதில் மாட்டுவார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் கசடு இறுகவே இறுகாது.

நெல்வயல் எழுதியது:

காய்ந்த கசடை எருவாகத் தருவார்களாமே? எங்கள் பக்கம் தென்னந்தோப்பில் லாரியை நேராகவே திறந்துவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காய்ப்பு நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

வேதியியல்டீச்சர் எழுதியது:

சத்து இருப்பது உண்மை. ஆபத்து உருண்டைப் புழு முட்டையில் இருக்கிறது. அந்த முட்டைக்குக் கெட்டியான ஓடு உண்டு. படுகையில் காய்ந்தாலும் மாதக்கணக்கில், சில சமயம் வருடத்துக்கு மேலும், உயிரோடு கிடக்கும். தோப்பில் வெறும் காலோடு நடக்கிற பிள்ளைகளுக்கு மண்ணில் இருந்து கொக்கிப் புழுவும் ஏறும். காய்ந்த கசடை மட்கும் குப்பையோடு கலந்து குவித்து, உள்ளே சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறி இரண்டு வாரமாவது நிற்கும்படி புரட்டிப்போட வேண்டும். அப்படிச் செய்த எருவைத் தென்னைக்கும் மரப்பயிருக்கும் போடலாம். கீரைக்கும் வெங்காயத்துக்கும் நான் போடமாட்டேன். லாரியில் இருந்து நேராகத் திறப்பது வேண்டவே வேண்டாம் அண்ணா, அடுத்த மழையில் அது கிணற்றுக்குத்தான் போகும்.

காவிரிப்படுகை எழுதியது:

கிணறு என்றதும் முசிறி ஞாபகம் வந்தது. காவிரிக் கரையில் நிலத்தடி நீர் மிக மேலே நிற்கும். குழி வெட்டிக் கக்கூஸ் கட்டினால் குழியும் கிணறும் ஒன்றாகிவிடும். ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் அங்கே மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாகப் பிரிக்கிற கழிப்பறைகளைக் கட்டிக் கொடுத்தது. தரைக்கு மேலேயே அறை, தண்ணீர் கலக்காமல் சாம்பல் தூவி மட்கவைப்பது. அதை நடத்திய சுப்புராமன் அவர்களுக்கு 2021ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லா ஊருக்கும் இது ஒத்துவராது. ஆனால் ஏரியை ஒட்டி, நாலு அடியில் தண்ணீர் நிற்கிற தெருக்களுக்கு செப்டிக் டேங்க் சரியான வழியா என்று யோசிக்க வேண்டும்.

திருச்சியில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே பாதாள சாக்கடை இருப்பதால் லாரிகள் குறிப்பிட்ட பம்பிங் ஸ்டேஷன்களில் கொட்டும், அது சாக்கடையோடு சேர்ந்து பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். பக்கத்தில் பெரிய ஊர் இருக்கிற பேரூராட்சிகள் தனியாகக் கட்டுவதற்கு முன்னால் இதையும் கேட்டுப் பார்க்கலாம்.

காற்றூட்டி எழுதியது:

கேட்கலாம் அண்ணா, ஆனால் சின்ன நிலையத்தில் கவனம் வேண்டும். கசடு சாக்கடையைவிடப் பத்து இருபது மடங்கு கெட்டி. காலையில் நாலு லாரி வரிசையாகக் கொட்டிவிட்டால் தொட்டியில் காற்று ஒரு மணி நேரத்தில் காலி. எங்களிடம் வந்தால் தனித் தொட்டியில் வாங்கி, நாள் முழுக்கச் சிறுகச் சிறுகத்தான் விடுவோம்.

ஏரிக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. லாரிகள் எல்லாம் நிலையத்துக்கே போகின்றன என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஏரியில் ஆகாயத்தாமரை போய்விடுமா?

ஓய்வுபெற்றபொறியாளர் எழுதியது:

போகாது. இதை மறைக்காமல் சொல்வதுதான் ஊருக்கு நல்லது.

கக்கூஸ் தண்ணீர்தான் டேங்குக்குப் போகிறது. குளிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் தெருச் சாக்கடையில் ஓடி ஏரிக்குத்தான் வருகிறது. அளவில் அதுவே அதிகம். அதோடு பல வீடுகளில் செப்டிக் டேங்க்கின் வழிநீர்க் குழாயை உறிஞ்சுகுழிக்கு விடாமல் அதே சாக்கடையில் விட்டிருப்பார்கள். டேங்கில் படியாத கிருமியும் அமோனியாவும் அந்தக் குழாய் வழியாகத் தினமும் வெளியே வந்துகொண்டிருக்கும். ஆகாயத்தாமரைக்குச் சோறு போடுவது இந்த நைட்ரஜனும் சோப்புத் தூளில் வருகிற பாஸ்பரஸும்.

மலக்கசடு நிலையம் லாரியில் வருகிற நஞ்சைத் தடுக்கும். தெருச் சாக்கடைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். இடம் இருக்கிற வீடுகளில் உறிஞ்சுகுழி, ஏரியில் இருந்து தள்ளி. சாக்கடை ஏரிக்குள் இறங்குகிற வாயில் ஒரு வண்டல் தொட்டியும் நாணல், கோரை வளர்த்த சரளைப் படுகையும். உங்கள் ஏரியில் எத்தனை இடத்தில் சாக்கடை இறங்குகிறது?

ஏரிக்கரையான் எழுதியது:

வடக்கே இரண்டு, பள்ளிக்கூடத்துப் பின்னால் ஒன்று. பள்ளிக்கூடத்துப் பக்கம்தான் ஆகாயத்தாமரை அடர்த்தி.

அடுத்த பகுதி சபாக் கூட்டத்தில் கேட்கப் போவதை எழுதிவிட்டேன். நிலையத்தின் கடைசித் தண்ணீர் மதகு வாய்க்காலில் சேராமல் வளாக மரங்களுக்கே போக வேண்டும், அது வரைபடத்தில் இருக்க வேண்டும். படுகைகளுக்குக் கூரை. வாயில் ராத்திரி ஒன்பது வரை. மூன்று வருடச் சுழற்சியைத் தெருவாரியாகப் பட்டியல் போட்டுப் பேரூராட்சியே நடத்த வேண்டும். மாதாமாதம் தண்ணீர்ப் பரிசோதனை முடிவை அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். ஏரியில் இறங்குகிற மூன்று சாக்கடைக்கும் இந்தத் திட்டத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குத்தான் சண்டை போட வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன், போடுவேன். எதிர்ப்புத் தெரிவிக்கிற தெருக்காரர்களையும் கூட்டிக்கொண்டு கருங்குழிக்கு ஒரு வண்டி பேசியிருக்கிறோம்.

நிலையம் வருவதற்கு முன்னால் ஏரியின் இப்போதைய நிலையையும் அளந்து வைத்தால் பின்னால் ஒப்பிடலாம் அல்லவா? டீச்சர், அதை எப்படிச் செய்வது?

வேதியியல்டீச்சர் எழுதியது:

கட்டாயம் செய்யுங்கள், நிலையம் வந்த பிறகு அந்த அளவு கிடைக்காது. மூன்று சாக்கடை வாய், ஏரி நடு, கலங்கல், மதகு வாய்க்கால், பக்கத்தில் இரண்டு கிணறு. கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை. கிருமிப் பரிசோதனைக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்குங்கள், அவர்கள் சுத்தம் செய்து தருவார்கள், நீங்கள் கழுவக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கரைந்த ஆக்சிஜனை மட்டும் அந்த இடத்திலேயே, விடியும் முன் அளக்க வேண்டும். மதியம் அளந்தால் பாசி புண்ணியத்தில் எல்லா ஏரியும் நன்றாகத்தான் தெரியும். பள்ளிக்கூடத்துப் பின்னால் இருக்கிற சாக்கடைக்கு அந்தப் பள்ளியின் பிள்ளைகளையே சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் கையுறை இல்லாமல் யாரும் தண்ணீரைத் தொட வேண்டாம்.